பிஎச்டி முதலிலா, நரம்பியல் முதலிலா?

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 27 வயது, பட்டர்வொர்த்தில் வீடு. பினாங்குத் தீவில் அரசாங்க மருத்துவமனையில் ஹவுஸ்மேன்ஷிப்பின் (பயிற்சி மருத்துவர் பணி) கடைசி போஸ்டிங்கில் இருக்கிறேன். என் அப்பாயிக்கு ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்புச் சிதைவு நோய்களில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஹவுஸ்மேன்ஷிப் முடிந்த கையோடு வெளிநாட்டில் பிஎச்டி சேரலாமா, இல்லை நரம்பியல் நிபுணராகிவிட்டு ஆராய்ச்சிக்கு வருவதா? மொத்தம் எத்தனை வருடம் ஆகும்? என்னைச் சுற்றி ஆய்வுக்கூடமே இல்லை. இப்போது எதையாவது தொடங்க வழியுண்டா? அப்பா, "நாப்பது வயசு வரைக்கும் படிச்சுக்கிட்டே இருப்பியா?" என்கிறார். இன்னொன்று: அப்பாயிக்கு மாத்திரையோடு பூனைக்காலி விதைப் பொடியையும் பாலில் கலந்து கொடுக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு வணக்கம்.

முதலில் நரம்பியல், பிறகு பிஎச்டி. கேட்டதற்கு நேரான பதில் இதுதான். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இந்தத் துறையில் எந்த ஆய்வை எடுத்தாலும் அதன் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது: எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உண்மையில் எந்த நோய்? முதல் இரண்டு மூன்று வருடம் பார்க்கின்சனைப் போலவே நடமாடும் வேறு நோய்கள் உண்டு. சிலருக்குப் பின்னாளில் கண்ணைக் கீழே இறக்க முடியாமல் போகும், அடிக்கடி பின்பக்கமாக விழுவார்கள். சிலருக்கு எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரியும், சிறுநீர் கட்டுப்படாது. இன்னும் சிலருக்கு நோயே இல்லை: தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் விழுங்கிய சின்னாரிசினோ, வாந்திக்கு வாங்கிய மெட்டோகுளோபிரமைடோ கையை விறைக்க வைத்திருக்கும். நூறு பேர் கொண்ட ஆய்வில் பதினைந்து பேருக்குப் பெயர் தப்பாக எழுதப்பட்டிருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்து ரத்தத்தை அளந்தாலும் அந்தத் தப்பு தப்பாகவே வெளியே வரும். பெயரைச் சரியாக எழுதும் கை நோயாளியின் கட்டிலருகேதான் பழகும். ஹவுஸ்மேன் முடித்ததும் நான்கு வருடம் எலிகளோடும் செல்களோடும் இருந்துவிட்டு வார்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப் போயிருக்கும். மறுபடி எம்ஓவாக (மருத்துவ அதிகாரியாக) அடியிலிருந்து தொடங்கி, எம்ஆர்சிபி என்னும் உள்மருத்துவத் தேர்வுக்குப் படித்து ஏறுவது கடினம். பலர் ஏறுவதில்லை. நோயாளியே வேண்டாம், ஆய்வுக்கூடம் மட்டும் போதும் என்று உங்கள் மனம் உறுதியாகச் சொன்னால் அது வேறு வழி, நல்ல வழியும்கூட. உங்கள் கடிதம் முழுக்க அப்பாயி இருக்கிறார். அதனால்தான் இந்த வழியைச் சொல்கிறேன்.

கட்டிலருகே பார்ப்பதும் ஆராய்ச்சிதான் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1998 கடைசியில் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சலை முதலில், கொசுவால் பரவிப் பிள்ளைகளை அதிகம் தாக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே எண்ணி, கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் விழுந்தவர்களில் பெரும்பாலோர் பன்றிகளைக் கையால் தொட்டு வேலை செய்த ஆண்கள்; பிள்ளைகள் அபூர்வம். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் பேராசிரியர் டான் சோங் தின் முதலான நரம்பியல் மருத்துவர்கள் அவர்களைப் பரிசோதித்தபோது, அனிச்சைச் செயல்கள் மறைந்திருந்தன, தசைகள் விட்டுவிட்டுத் துள்ளின, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறின. மூளைத்தண்டு பாதிக்கப்பட்டிருப்பதை இந்த அடையாளங்கள் காட்டின. 1999 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்தார். அதற்குச் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயர் வந்தது. 94 நோயாளிகளிடம் கண்ட அடையாளங்களை எண்ணி எழுதிய கட்டுரையை உலகம் இன்றும் எடுத்துப் பார்க்கிறது. ரிஃப்ளெக்ஸ் சுத்தியலும் நோட்டுப் புத்தகமும் செய்த வேலை அது.

இனி வருடக் கணக்கு. உள்மருத்துவத்துக்கு இரண்டு வாசல். மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூஎஸ்எம் ஆகியவற்றில் நான்கு வருட மாஸ்டர் படிப்பு ஒன்று. மற்றது எம்ஆர்சிபி: பட்டம் பெற்று 12 மாதம் ஆனதும் முதல் பகுதியை எழுதலாம். அது மூன்று மணி நேரத் தாள் இரண்டு, மொத்தம் 200 கேள்வி. இரண்டாம் எழுத்துத் தேர்வு அடுத்து, கடைசியில் நோயாளிகளை வைத்து நடக்கும் பேசஸ். எம்ஓ வேலை பார்த்துக்கொண்டே மூன்றையும் முடிக்கப் பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வருடம் பிடிக்கும். பிறகு மேற்பார்வையில் வேலை செய்து நிபுணராகக் கெசட் ஆக வேண்டும், அதாவது அரசாங்கம் முறையாக அறிவிக்க வேண்டும். அதன்பின் நரம்பியல் துணைச் சிறப்புப் பயிற்சி மூன்று வருடம். பிஎச்டி மூன்று, நான்கு. தடங்கல் இல்லாமல் போனால் 35 வயது வாக்கில் நரம்பியல் மருத்துவர், 39 வாக்கில் சொந்தக் குழு தொடங்கத் தகுதி. மலேசிய மருத்துவ மன்றத்தின் நிபுணர் பதிவேட்டு விதிகள் மாறுவது உண்டு; ஒவ்வொரு படிக்கும் முன்னால் அவர்கள் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டாயச் சேவையைப் பாதியில் விட்டுவிட்டு வெளிநாடு போக வேண்டாம்.

அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள்: இதில் பெரும்பகுதி படிப்பு என்ற பெயரில் நடக்கும் வேலை. சம்பளம் வரும். சம்பளம் நின்றுபோகும் வாய்ப்புள்ளது பிஎச்டி வருடங்களில்தான். அதற்கு அரசாங்கத்தின் ஹடியா லத்தீஹான் போன்ற உதவித்தொகையை முன்கூட்டியே தேட வேண்டும். பல்கலைக்கழகத்தில் இருப்பவர் தனியார் மருத்துவமனையில் இருப்பவரைவிடக் குறைவாகவே சம்பாதிப்பார் என்பதையும் அவரிடம் மறைக்க வேண்டாம். கல்யாணம், குழந்தை இவற்றுக்காக இந்தப் பாதையில் ஓரிரு வருடம் நின்றவர்கள் யாரும் தகுதி இழந்துவிடவில்லை.

ஆய்வுக்கூடம் இல்லையே என்று வருந்துகிறீர்கள். உங்கள் கையில் வார்டு இருக்கிறது. அதில் இன்றைக்கே தொடங்கக்கூடிய ஆய்வு ஒன்று சொல்கிறேன்.

பார்க்கின்சன் நோயாளி எதற்காகவோ வார்டில் சேர்கிறார். நிமோனியா, இடுப்பெலும்பு முறிவு, சிறுநீர்த் தொற்று, ஏதோ ஒன்று. வீட்டில் காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று மடோபார் (லெவோடோபா உள்ள பார்க்கின்சன் மாத்திரை) சாப்பிட்டவர். வார்டில் மருந்து வண்டி வரும் நேரம் வேறு. சீட்டில் "க்யூஐடி", அதாவது நாளுக்கு நான்கு வேளை, என்று மட்டும் எழுதியிருக்கும். வண்டி வரும்போதுதான் மாத்திரை வரும். லெவோடோபாவின் அரை ஆயுள் சுமார் ஒன்றரை மணி நேரம். நோய் முற்றியவருக்கு ஒரு வேளை ஒரு மணி நேரம் தள்ளிப் போனாலே உடல் கட்டையாகிவிடும். விழுங்க முடியாது, புரையேறும், அடுத்த மாத்திரையும் உள்ளே போகாது. ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றில் வைத்து நாள் முழுக்க மாத்திரையை நிறுத்திவிட்டால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தி என்றால் மெட்டோகுளோபிரமைடு, ராத்திரி குழப்பம் என்றால் ஹாலோபெரிடோல்: இரண்டும் லெவோடோபாவிலிருந்து மூளையில் உண்டாகும் டோபமினின் வேலையை அடைப்பவை, இவருக்கு ஆகாதவை. மூக்குக் குழாய் போட்டவருக்கு மடோபார் எச்பிஎஸ் காப்ஸ்யூலைத் திறந்து கொட்டிவிடுவதும் நடக்கும்; மெதுவாக வெளியாகும்படி செய்த மருந்து அது, அதன் காப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது. குழாய்க்குத் தண்ணீரில் கரையும் மடோபார் இருக்கிறது.

கடைசியாகச் சேர்ந்த 30 பார்க்கின்சன் நோயாளிகளின் மருந்துச் சீட்டுகளை எடுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் நான்கு கட்டம்: வீட்டில் சாப்பிட்ட நேரம், சீட்டில் எழுதிய நேரம், கொடுத்த நேரம், வித்தியாசம் 30 நிமிடத்துக்கு மேலா. ஐந்தாவது கட்டத்தில் டோபமினை அடைக்கும் மருந்து கொடுக்கப்பட்டதா என்று குறியுங்கள். பிறகு தாதியர் தலைவியோடும் மருந்தாளரோடும் உட்கார்ந்து ஒரு மாற்றம் செய்யுங்கள்: சீட்டின் மேல் வீட்டு நேரத்தை எழுதிய சிவப்பு ஒட்டி ஒன்று போதும். அடுத்த 30 பேரை மறுபடி அளந்து பாருங்கள். யார் தாமதித்தார் என்ற பெயர் எங்கும் வரக் கூடாது. வந்தால் மறு வாரமே எல்லாச் சீட்டிலும் நேரம் அச்சாகச் சரியாக இருக்கும், உண்மை மட்டும் காணாமல் போகும்.

சீட்டைத் தொடும் முன் அனுமதி வேண்டும். துறைத்தலைவரின் சம்மதம், என்எம்ஆர்ஆர் என்னும் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிவு, எதிக்ஸ் குழுவின் ஒப்புதல். பழைய கோப்பைப் புரட்டுவதற்கும் இதே நடைமுறைதான். தரவை எடுத்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பவரின் கட்டுரையை எந்த இதழும் ஏற்காது. ஜிசிபி என்னும் ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியை எடுத்துத் தேர்வையும் எழுதி முடித்துவிடுங்கள். பினாங்கு மருத்துவமனையிலும் செபராங் ஜெயாவிலும் மருத்துவ ஆராய்ச்சி மையம் இருக்கிறது. படிவங்களைப் பூர்த்தி செய்யவும் எத்தனை பேர் தேவை என்று கணக்கிடவும் அங்கே உதவுவார்கள். செபராங் ஜெயா உங்கள் வீட்டுக்குப் பக்கம்.

கையைப் பழக்கும் காலமும் இதுதான். பார்க்கின்சனை அளக்க உலகம் பயன்படுத்தும் எம்டிஎஸ்-யூபிடிஆர்எஸ் அளவுகோலை எடுத்து, விரல் தட்டும் பரிசோதனையை மட்டும் இருபது பேரிடம் செய்து பாருங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பத்து முறை, முடிந்த அளவு வேகமாக, முடிந்த அளவு அகலமாக. ஓரிரு தடங்கல் அல்லது கடைசித் தட்டல்களில் அகலம் குறைந்தால் மதிப்பெண் 1. மூன்றிலிருந்து ஐந்து தடங்கல், அல்லது நடுவிலேயே அகலம் சுருங்கினால் 2. ஐந்துக்கு மேல் தடங்கல், அல்லது முதல் தட்டலிலிருந்தே சுருங்கினால் 3. பழகாதவர்கள் செய்யும் தப்பு, செய்து காட்டிய தங்கள் விரலை நிறுத்தாமல் கூடவே தட்டிக்கொண்டிருப்பது. நோயாளி நம் தாளத்தைப் பிடித்துக்கொள்வார், அவருடைய தடங்கல் மறைந்துவிடும். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதாத மதிப்பெண்ணும் பயனற்றது.

தமிழ் தெரிந்த மருத்துவர் என்பதால் உங்களால் செய்யக்கூடிய வேலை ஒன்று காத்துக்கிடக்கிறது. அதைப் பற்றி எழுதும்போது எனக்கு ஆதங்கமாகவே இருக்கிறது. 2018 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கலாம். இந்த நோயை நம் தோட்டத்துப் பாட்டிமாரிடம் எதை வைத்து அளக்கிறோம்? மோக்கா என்னும் 30 மதிப்பெண் பரிசோதனையில் கனசதுரம் வரைய வேண்டும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைக்க வேண்டும், 100இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். படிப்பு 12 வருடம் அல்லது அதற்குக் குறைவு என்றால் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளலாம். பென்சிலே பிடிக்காமல் நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவருக்கு அந்த ஒரு மதிப்பெண் எந்த மூலைக்கு? இயல்பு என்று கொள்ளும் 26க்குக் கீழே போய்விடுவார், அவர் மூளை நன்றாகவே இருந்தாலும்.

அதே பரிசோதனையில் ஆங்கிலத்தில் எஃப் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடம் சொல்லச் சொல்வார்கள். 11 சொன்னால் மதிப்பெண். தமிழில் "க" என்று கேட்டால் காக்கா சேருமா? கிளி? ஆங்கில எழுத்து ஓர் ஒலி, நம் எழுத்து ஓர் அசை. ஒரு பரிசோதகர் ககர வரிசை முழுவதையும் ஏற்பார், இன்னொருவர் கல், கண், கடல் மட்டும்தான் என்பார். இருவர் சேகரித்த எண்களையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. அதனால் விலங்குகளின் பெயர் கேட்பது மேல். குறைந்த படிப்புள்ளவர்களுக்கென்றே மோக்கா-பேசிக் இருக்கிறது. பல பண்பாடுகளுக்குப் பொருந்தும்படி ஆஸ்திரேலியாவில் உருவான ரூடாஸ் இருக்கிறது. இவற்றை மலேசியத் தமிழில், நம் முதியவர்கள் பேசும் சொற்களில், படிப்பு வருடம் வாரியாகச் சரிபார்ப்பது ஒரு முழு ஆய்வு. கூடவே வீட்டாரிடம் கேட்கும் கேள்விகளையும் நம் வாழ்க்கையிலிருந்து எடுக்க வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிற உறவுக்காரர்கள் இருபது பேருக்கு அளவு தப்பாமல் சமைத்தவர், இப்போது நான்கு பேர் சாம்பாருக்கே இரண்டு தடவை உப்புப் போடுகிறாரா? இதை மருமகள் சொல்லிவிடுவார், எந்தக் கனசதுரமும் சொல்லாது.

பிஎச்டிக்கு வரும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, மாதிரிகள். அல்சைமருக்கு மூளைத் தண்டுவட நீரில் அமிலாய்டு பீட்டா 42 அளப்பார்கள். அது குறைந்திருந்தால் நோயின் அடையாளம். அந்தப் புரதம் கண்ணாடியிலும் பாலிஸ்டைரீன் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும். குழாயைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் நீரிலுள்ள அளவு குறைந்து, நோயில்லாதவருக்கும் நோய் இருப்பதாகக் காட்டும். பாலிப்ரொப்பிலீன் குழாயில் நேராகச் சேகரியுங்கள். குழாய்விட்டுக் குழாய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஒட்டிப் போகும். பெரிய குழாயின் அடியில் சொட்டு நீர் வைப்பதும் அதே கேட்டைச் செய்யும். பார்க்கின்சனில் கேடு வேறு: ரத்தத்திலுள்ள ஆல்ஃபா-சைநியூக்ளினில் மிகப் பெரும்பங்கு சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. ஊசி போடும்போது சிறிது ரத்தம் கலந்துவிட்டால், அந்த நீரில் அளந்த சைநியூக்ளின் எண் நோயைப் பற்றி எதுவும் சொல்லாது. ரத்த மாதிரி என்றால் இடிடிஏ குழாய், இரண்டு மணி நேரத்துக்குள் சுழற்றல், சிறு சிறு பங்காகப் பிரித்து மைனஸ் 80 டிகிரி. எடுத்த நேரமும் உறைந்த நேரமும் லேபிளிலேயே இருக்க வேண்டும்.

இரண்டு, நம் நாட்டின் மூவினக் கலவை. பார்க்கின்சனோடு தொடர்புள்ள எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் ஜி2385ஆர் என்னும் மாற்றம் சீனர்களிடம் காணப்படுகிறது, இந்தியர்களிடம் அரிது. நோயாளிகள் பெரும்பாலும் சீனர், ஒப்பீட்டுக் குழு பெரும்பாலும் இந்தியர் என்று ஆகிவிட்டால், நோயோடு தொடர்பே இல்லாத எந்தச் சீன மரபணு மாற்றமும் நோய்க்குக் காரணம்போலத் தெரியும். இனம் வாரியாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். நோயாளியின் கணவன் மனைவியையே ஒப்பீட்டுக்கு எடுப்பதும் எளிதாகத் தோன்றும். பார்க்கின்சன் ஆண்களுக்கு அதிகம் என்பதால் ஒப்பீட்டுக் குழு பெண்களால் நிறைந்துவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்கள் லிம் ஷென்-யாங், டான் ஐ ஹுவேய் ஆகியோரின் பார்க்கின்சன் குழு மரபணு, குடல் சார்ந்த ஆய்வுகளில் உலக அளவில் பேர் பெற்றது. அவர்கள் கட்டுரைகளைப் படித்தால் இந்தக் கலவையை எப்படிக் கையாளுவது என்று தெரியும்.

மூன்று, ஆள் சேர்ப்பு. பெரும்பாலான பிஎச்டிகள் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு கிளினிக்கில் வாரம் 20 நோயாளி என்று வையுங்கள். பாதிப் பேர் விதிக்குள் வரமாட்டார்கள், மீதியில் பாதிப் பேர் சம்மதிக்கமாட்டார்கள். வாரத்துக்கு ஐந்து. சீனப் பெருநாள், நோன்புப் பெருநாள், தீபாவளி வாரங்களைக் கழித்தால் வருடத்தில் 45 வாரம், அதாவது 225 பேர். இரண்டாம் வருடம் மறுபடி வரச் சொன்னால் அதில் எத்தனை பேர் வருவார்கள்? மகன் லீவு எடுத்துக் காரில் கூட்டி வர வேண்டும். 400 பேரையும் இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று எழுதிய திட்டத்துக்கு ஆள் சேர்க்கவே ஏறக்குறைய இரண்டு வருடம் போய்விடும்; மூன்று வருடத்தில் முடிப்பது கடினம். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய புகழைவிட இவற்றைக் கேளுங்கள்: எதிக்ஸ் ஒப்புதல் கையில் இருக்கிறதா? மானியம் என் கடைசி மாதம் வரை வருமா? இதற்கு முன் இங்கே பிஎச்டி செய்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? முதல் ஆசிரியர் பெயர் யாருடையது? கடைசிக் கேள்விக்கு முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம்.

இவ்வளவு உழைப்புக்கும் கிடைப்பது என்ன என்பதை நீங்கள் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். அமிலாய்டை அகற்றும் லெக்கனெமாபை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். 18 புள்ளி அளவுகோலில் போலி மருந்து எடுத்தவர்களைவிட 0.45 புள்ளி குறைவாகச் சரிந்தார்கள். 27 விழுக்காடு மெதுவாக. மருந்து எடுத்தவர்களில் 12.6 விழுக்காட்டினருக்கு மூளை வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் அந்த நோயை முதலில் விவரித்ததிலிருந்து இந்த 0.45க்கு வர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. பார்க்கின்சனை மெதுவாக்கும் என்று நிரூபணமான மருந்து ஒன்றுகூட இன்னும் இல்லை. உங்கள் பெயர் சேர வேண்டிய இடம் அங்கே காலியாகத்தான் கிடக்கிறது.

அப்பாயியின் பூனைக்காலி விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அந்த விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது, எடையில் ஏறத்தாழ 4லிருந்து 6 விழுக்காடு. ஐந்து கிராம் பொடி என்றால் 200லிருந்து 300 மில்லிகிராம். மடோபார் 125 மாத்திரை ஒன்றில் இருப்பது 100. அந்த மாத்திரையிலுள்ள பென்செராசைடு பொடியின் லெவோடோபாவையும் வீரியமாக்கிவிடும். ஆக டாக்டர் எழுதிய அளவுக்கு மேல், யாரும் எழுதாத ஓர் அளவை அப்பாயி தினமும் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் டப்பாவுக்கு டப்பா மாறும். உடம்பு தானாக நெளிவது, எழுந்தால் தலைசுற்றுவது, ராத்திரியில் இல்லாத ஆட்கள் தெரிவது, இவை இருக்கிறதா என்று அப்பாயியிடமும் வீட்டாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். பாலில் கலப்பது இன்னொரு சிக்கல்: பால் புரதம் லெவோடோபா உள்ளே போவதைத் தடுக்கும், ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது. மாத்திரையைத் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுங்கள். பொடியை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இத்தனை நாள் அதையும் சேர்த்துத்தான் உடம்பு நடந்திருக்கிறது. மூன்று நாளைக்கு மாத்திரை நேரம், பொடி நேரம், நன்றாக நடக்கும் நேரம், கட்டையாகும் நேரம் இவற்றை ஒரு தாளில் எழுதி, டப்பாவையும் கரண்டியையும் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் இந்த வாரமே அவருடைய நரம்பியல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.